மலையில் கிடைத்த பழம்பொருளைக் கழுவலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியிலும் பழனி மலையிலும் பழம்பொருள் அருங்காட்சியகத்துக்குள் மட்டும் இருப்பதில்லை. கேரட்டுக்கு நிலம் கொத்தினால் பானை ஓடு வருகிறது, காபிச் செடிக்குக் குழி எடுத்தால் கல்பலகை தட்டுகிறது, பழைய பங்களாவைக் காலி செய்தால் பரணில் கடமான் தலை இருக்கிறது. நான் வேதியியல் படித்தவன், மலையில் இருக்கும் சின்னச் சின்ன சேகரிப்புகளுக்குக் கைகொடுப்பவன். கோத்தகிரி, குன்னூர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று எந்தப் பக்கம் போனாலும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய இவைதான். பதில்களில் பாதிக்கு மேல் "சும்மா இருங்கள்" என்று முடியும், அதற்கு இப்போதே தயாராகிக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் குழி எடுக்கும்போது பானையும் ஓடுகளும் வந்தன. முதலில் என்ன செய்யணும்?

குழி எடுப்பதை நிறுத்தணும். எதையும் பிடுங்காதீர்கள். இருந்த இடத்திலேயே நாலு பக்கமும் நின்று போட்டோ எடுங்கள், பக்கத்தில் அளவுக்கு ஒரு ஸ்கேலோ மண்வெட்டியோ தெரிகிற மாதிரி. எவ்வளவு ஆழம், எது எதன் மேல் கிடந்தது, பக்கத்தில் கரி இருந்ததா, கற்கள் வட்டமாக நட்டிருந்தனவா, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிவையுங்கள். மழை வரும்போலிருந்தால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். வெயிலாக இருந்தாலும் மூடத்தான் வேண்டும், ஏனென்றால் நூற்றாண்டுக் கணக்கில் ஈரமண்ணில் இருந்த பானை ஒரே மதிய வெயிலில் வேகமாகக் காய்ந்தால் விரிசல் விடும், உள்ளே இருக்கும் உப்பு மேற்பரப்புக்கு வந்து படிகமாகித் தோலை உரிக்கும்.

கரி கிடந்தால் கையால் எடுக்காதீர்கள். காலத்தைக் கணிக்கும் ஆய்வுக்கு அது தேவைப்படலாம், பஞ்சு, காகிதம், கை எண்ணெய் எல்லாமே புதிய கார்பனைச் சேர்க்கும். அப்படியே விட முடியாத நிலை என்றால் சுத்தமான கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் பொதியலாம். பழனி மலையின் அடிவாரத்தில் இருக்கும் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் 2009-2010-ல் தோண்டியபோது ஒரு கல்லறையில் ஜாடி நிறைய நெல் கிடைத்தது, அந்த நெல்லைக் காலக்கணிப்புக்கு அனுப்பியதில் கி.மு. 490 என்று வந்தது. யாராவது முதல் நாளே ஜாடியைக் கவிழ்த்துக் கழுவியிருந்தால் அந்தத் தேதி நமக்கு இல்லை.

இதை யாருக்காவது சொல்லியே ஆகணுமா? என் நிலம்தானே?

உங்கள் நிலம்தான், ஆனாலும் சொல்லணும். 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர் வழியாகவோ தாசில்தார் வழியாகவோ போகும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்கள், எழுபத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட சுவடிகள் ஆகியவற்றை 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் கவனிக்கிறது. சொன்னால் நிலம் போய்விடும் என்று ஊரில் ஒரு பயம் இருக்கிறது, அதனால்தான் பல பேர் ராத்திரியோடு ராத்திரியாக மண்ணைப் போட்டு மூடிவிடுகிறார்கள். ஒரு பானை கிடைத்ததாகச் சொன்னதற்காக நிலத்தை எடுத்துக்கொள்ள இந்தப் புதையல் சட்டத்தில் வழியில்லை. விற்க முயன்றால் மட்டும் நிஜமாகவே சிக்கல்.

மண்பானையை வெறும் தண்ணீரில் கழுவினால் என்ன ஆகிவிடும்?

இரண்டு விஷயம் ஆகும். ஒன்று, குறைந்த சூட்டில் சுட்ட பானை தண்ணீரில் ஊறினால் ஓரங்கள் நமுத்த பிஸ்கட் மாதிரி கரையும். நீலகிரிக் கல்வட்டங்களில், அதாவது வட்டமாகக் கல் நட்ட பழங்கால ஈமச் சின்னங்களில், கிடைத்த பானைகளைப் பார்த்திருப்பீர்கள், மூடியின் உச்சியில் எருமை, குதிரை, மனிதர் என்று உருவங்கள் வைத்துச் செய்தவை. நீலகிரியின் முதல் கமிஷனரான பிரீக்ஸ் 1870-களின் தொடக்கத்தில் சேர்த்தவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் நீலகிரிப் பொருள்கள் உண்டு. அந்த உருவங்களில் கொம்பு, வால், கையில் பிடித்த சாமான் எல்லாம் விரல் நுனி அளவுதான். பிரஷ் போட்டுத் தேய்த்தால் முதலில் போவது அதுதான்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாதது. பானையின் சுவர் நுண்துளை நிறைந்தது, அதில் சமைத்த, ஊற்றி வைத்த பொருளின் கொழுப்பு உள்ளே இறங்கி ஆயிரக்கணக்கான வருடம் தங்கிவிடும். சிறு துண்டை அரைத்துக் கரைப்பானில் பிரித்தெடுத்து ஆராய்ந்தால் பாலா, இறைச்சியா, தாவர எண்ணெயா என்று ஓரளவு சொல்ல முடிகிறது. சோப்புத் தண்ணீர் பட்டால் அந்தத் தடயம் கலங்கிவிடும், பிளாஸ்டிக் பையில் நேரடியாகப் போட்டாலும் பிளாஸ்டிக்கின் ரசாயனம் ஒட்டிக்கொள்ளும். எனவே அடியில் ஒட்டியிருக்கும் மண்ணோடு அலுமினியத் தாளில் சுற்றி வைப்பதே நல்லது. உள்ளே நிறைந்திருக்கும் மண்ணையும் கொட்டாதீர்கள், சில சமயம் பானையைவிட அந்த மண்தான் அதிகம் பேசும்.

உடைந்ததை ஃபெவிகுவிக் போட்டு ஒட்டிவிட்டோமே?

பரவாயில்லை, இனிமேல் ஒட்டாதீர்கள், ஒட்டியதைப் பிரிக்கவும் முயலாதீர்கள். உடனடியாகப் பிடித்துக்கொள்ளும் பசைகளும் அரால்டைட் வகைப் பசைகளும் மண்பாண்டத்தைவிட வலுவானவை. அடுத்த முறை அடிபட்டால் ஒட்டிய இடம் நிற்கும், பக்கத்தில் புதிதாக உடையும். வெள்ளைப் பசையோ மழைக்கால ஈரத்தில் இளகும், வருடக்கணக்கில் மஞ்சளிக்கும்.

அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் பயன்படுவது பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின். அசிட்டோனில் கரைத்துத் தடவுவார்கள், பிறகு எப்போது வேண்டுமானாலும் அசிட்டோனாலேயே பிரித்துவிடலாம். பின்னால் வருகிறவர் நம்மைவிட நன்றாகச் செய்யக்கூடும் என்று இடம் விட்டுச் செய்வதுதான் இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம். ஆனால் அந்தப் பிசின் 40 டிகிரி செல்சியஸுக்கு அருகில் இளக ஆரம்பிக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கவலையே இல்லை. இங்கே ஒட்டிய பானையை மே மாதத்தில் பழனிக்கோ மதுரைக்கோ கொண்டுபோய்த் தகரக் கூரைக் கூடத்தில் நிற்க வைத்தால் மட்டும் ஒட்டு மெல்ல நழுவும்.

வெண்கலக் கிண்ணத்தில் வெளிர்பச்சைப் பொடி உதிர்கிறது. களிம்புதானே?

எல்லாப் பச்சையும் ஒன்றில்லை. கெட்டியாக, வழவழப்பாக, அடர் பச்சையிலோ கருஞ்சிவப்பிலோ ஒட்டியிருப்பது பல நூற்றாண்டுகளாக உலோகம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட போர்வை, அதைத் தொடக்கூடாது. நீங்கள் சொல்வது வேறு. புள்ளி புள்ளியாக, பொடிப் பொடியாக, தட்டினால் உதிர்கிற வெளிர்பச்சை என்றால் அதற்கு "வெண்கல நோய்" என்றே பெயர். ஒட்டுநோய் கிடையாது, பக்கத்தில் வைத்ததாலேயே இன்னொரு கிண்ணத்துக்குத் தாவாது. ஆனால் தானாக நிற்கவும் செய்யாது.

உள்ளே நடப்பது இதுதான். மண்ணிலிருந்தோ, கடற்காற்றிலிருந்தோ, நம் கை வியர்வையிலிருந்தோ வந்த குளோரைடு, துருவின் அடியில் செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடாக உட்கார்ந்திருக்கும். காற்றும் ஈரமும் பட்டவுடன் அது பருத்துப் பச்சைப் பொடியாக மாறும், கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொஞ்சம் வெளியே விடும். அந்த அமிலம் இன்னும் கொஞ்சம் செம்பைத் தின்று மறுபடி குப்ரஸ் குளோரைடு உண்டாக்கும். ஈரம் இருக்கிறவரை இந்தச் சுற்று ஓயாது, கடைசியில் கிண்ணம் இருந்த இடத்தில் பச்சை மாவு இருக்கும்.

ஈரத்தை எடுத்துவிட்டால் சுற்று நின்றுவிடும் என்பதுதான் நல்ல செய்தி. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 42 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வினை ஏறக்குறைய முடங்குகிறது, 35-ல் வைத்தால் நிம்மதி. இறுக்கமாக மூடும் பாலிபுரோப்பிலீன் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு ஈரப்பத அட்டை, இவ்வளவு போதும் முதலுதவிக்கு. ஜெல் நிறம் மாறியதும் ஓவன் அடுப்பில் 120 டிகிரியில் சில மணி நேரம் காயவைத்தால் மறுபடி வேலை செய்யும். நீல நிற ஜெல் வாங்காதீர்கள், அதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சு நிறத்தில் கிடைக்கும்.

அதற்கு மேல் செய்வது ஆய்வகத்தின் வேலை. சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்துக் குளோரைடை இழுப்பார்கள், 1960-களின் கடைசியிலிருந்து பென்சோடிரையசோல் என்ற மருந்தை எத்தனாலில் 3 சதவீதம் கரைத்து அதில் ஊறவைக்கும் முறையும் இருக்கிறது. அது செம்பின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து வினையைத் தடுக்கும், மேலே பிசின் பூச்சு கொடுப்பார்கள். கையுறை இல்லாமல், காற்றோட்டம் இல்லாமல் வீட்டில் செய்யத்தக்கது கிடையாது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-ல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கியதே வெண்கலங்களுக்கு வந்த இந்த வியாதியால்தான். அதைத் தொடங்கி நடத்திய எஸ். பரமசிவன் மின்னாற்பகுப்பு முறையால் அங்கிருந்த வெண்கலங்களுக்கு மருத்துவம் பார்த்தார். கடலோர நகரத்தின் காற்றுக்கு நேர்ந்த தேவை அது. நம் மலைக்குக் கடல் தூரம், மழை மட்டும் பக்கத்தில்.

புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வருமே?

வரும். வீட்டுக் குத்துவிளக்குக்குப் புளியும் பீதாம்பரியும் தாராளமாகப் போடுங்கள், அது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தேய்க்கப்படவே பிறந்தது. மண்ணிலிருந்து வந்த கிண்ணத்தில் புளியின் அமிலம் அந்தப் போர்வையை முழுக்கக் கரைத்துவிடும். பொறித்த கோடு, ஒட்டியிருந்த துணியின் அச்சு, விதையின் தடம் எல்லாம் அந்தப் போர்வையில்தான் பதிந்திருக்கும். பல வீடுகளில் புளியோடு ஒரு சிட்டிகை உப்பும் சேர்ப்பார்கள், அதாவது மேலே சொன்ன குளோரைடை நாமே கையால் ஊட்டிவிடுகிறோம்.

ஆய்வு செய்ய ஒரு துண்டு வெட்டிக் கொடுக்கணும் என்கிறார்கள். கதிர் பாய்ச்சியே பார்த்துவிடலாமே?

இதில் நான் வெட்டுகிறவர்கள் பக்கம், அளவோடு. கையில் பிடிக்கிற எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி மேற்பரப்பின் மெல்லிய அடுக்கைத்தான் பார்க்கும். புதைந்து கிடந்த வெண்கலத்தில் மேல்தோலிலிருந்து செம்பு கரைந்து வெளியேறிவிடும், வெள்ளீயம் தங்கிவிடும். அப்போது கருவி உண்மையைவிட அதிக வெள்ளீயம் காட்டும், நாமும் அதை நம்பி எழுதிவிடுவோம்.

பழங்கால உலோகங்களை ஆராயும் ஷாரதா சீனிவாசன் நீலகிரி, ஆதிச்சநல்லூர்க் கிண்ணங்களை ஆராய்ந்தது நல்ல உதாரணம். மிகச் சிறிய மாதிரியை மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்ததால்தான் அவை ஏறக்குறைய 23 சதவீதம் வெள்ளீயம் கொண்ட உயர் வெள்ளீய வெண்கலம், வார்ப்பில் செய்தவை இல்லை, செஞ்சூட்டில் அடித்து மெலிதாக்கி அதே சூட்டில் தண்ணீரில் முக்கியவை என்று சொல்ல முடிந்தது. அவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த உலோகத்தைக் குளிரவைத்து அடித்தால் கண்ணாடி போல உடையும், 586 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போதுதான் சுத்தியலுக்கு வளைந்து கொடுக்கும். உள்ளே ஊசி ஊசியாகத் தெரியும் அமைப்பு அந்தத் திடீர்க் குளிர்ச்சியின் கையெழுத்து. கதிர் பாய்ச்சினால் மட்டும் இது தெரியாது. ஏற்கனவே உடைந்த ஓரத்திலிருந்து, அரிசிமணியைவிடச் சிறியதாக, எழுத்தில் அனுமதியோடு, எடுத்த இடத்தைக் குறித்துவைத்து எடுத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. மிச்சத்தைப் பத்திரப்படுத்தி அடுத்தவருக்குக் கொடுக்கவும் வேண்டும், இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இரும்புக் கத்தி, அரிவாள் எல்லாம்?

இரும்பு வெண்கலத்தைவிடப் பிடிவாதம். குளோரைடு சேர்ந்த இரும்பு மழைக்காலத்தில் பழுப்பு நிறத்தில் துளித்துளியாக வியர்க்கும், பிறகு தகடு தகடாகப் பிளக்கும். முழுதாக நிறுத்த ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே இறங்கணும் என்று ஆய்வுகள் சொல்கின்றன, நம் மலையில் ஜெல் நிறைந்த, காற்றுப் புகாத டப்பா இல்லாமல் அது நடக்காது. எண்ணெய் தடவாதீர்கள், ஈரம் எண்ணெய்க்கு அடியில் மாட்டிக்கொள்ளும், பின்னால் மருத்துவம் பார்ப்பவருக்கும் இடைஞ்சல். துருக்கட்டியை உடைத்து உள்ளே கத்தி இருக்கிறதா என்று பார்க்கவே வேண்டாம். எக்ஸ்-ரே எடுத்தால் தெரிந்துவிடும், பல சமயம் உள்ளே உலோகமே மிச்சமில்லாமல் துருவே கத்தியின் வடிவத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

மற்ற ஊர்களில் முழு எலும்புக்கூடு கிடைக்கிறதே, நீலகிரியில் ஏன் கிடைப்பதில்லை?

தேயிலை ஏன் நன்றாக வருகிறதோ அதே காரணம். தேயிலைக்குப் புளித்த மண் வேண்டும், பிஎச் அளவு 4.5 முதல் 5.5 வரை. எலும்பின் சுண்ணாம்புப் பொருள் அந்த மண்ணில் கரைந்துவிடும். கல்வட்டங்களில் பெரும்பாலும் எரித்த எலும்புத் துண்டுகளே கிடைப்பதற்கு அன்றைய வழக்கம் ஒரு காரணம், நன்றாக எரிந்த எலும்பு படிகம் இறுகி அமிலத்தை ஓரளவு தாங்கும் என்பது இன்னொன்று. அதனால் பானைக்குள் வெள்ளையாகவோ நீலச் சாம்பல் நிறமாகவோ சில்லுகள் இருந்தால் சுண்ணாம்புக் கட்டி என்று வீசிவிடாதீர்கள்.

ஊட்டி, கொடைக்கானல் குளிர் பழம்பொருளுக்கு நல்லதுதானே? இயற்கை ஏசி!

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். குளிர் நல்லதுதான், ரசாயன வினைகளை மெதுவாக்கும். ஆனால் குளிர்ந்த காற்றால் கொஞ்சம் நீராவியைத்தான் தாங்க முடியும், அதனால் அது சீக்கிரமே நிறைந்துவிடும். தென்மேற்குப் பருவத்தில் ஜூன் முதல் இங்கே அறைக்குள்ளேயே ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். 65-70-க்கு மேல் சில நாள் நின்றால் போதும், தோல், காகிதம், துணி, மரம் எதிலும் பூஞ்சணம் பிடிக்கும்.

சரி, ஹீட்டர் போடலாமா? யோசித்துப் போடணும். 15 டிகிரியில் 85 சதவீத ஈரமுள்ள காற்றை 22 டிகிரிக்குச் சூடாக்கினால் தண்ணீர் ஒரு துளிகூடக் குறையாமலே ஈரப்பதம் 55-க்கு வந்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாம் பகலில் ஆள் இருக்கும்போது போட்டு, ராத்திரி அணைத்துவிட்டுப் போகிறோம். தினமும் 55, 85, 55, 85 என்று ஏறி இறங்கினால் மரச்சிற்பமும் தந்தமும் ஒவ்வொரு நாளும் சுருங்கி விரிந்து கடைசியில் பிளக்கும். ஜனவரியில் உறைபனிக் காலத்து வறண்ட பகலில் ஹீட்டர் போட்டால் இன்னும் மோசம். மாறாத 60, ஊசலாடும் 50-ஐவிட மரத்துக்கு நல்லது. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள், அந்தச் சுவர்தான் அறையிலேயே குளிர்ந்தது, ஈரம் முதலில் அங்கேதான் தங்கும். ஒரு சாண் இடைவெளி விட்டாலே பாதிப் பூஞ்சணம் வராது.

ஈரப்பதமானி விலை குறைந்ததாகவே வாங்கலாம், ஆனால் அது சொல்வதை அப்படியே நம்பாமல் ஒரு முறை சோதித்துவிடுங்கள். சின்ன மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கூழாகிற அளவு மட்டும் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து டப்பாவில் அடைத்து ஒரு ராத்திரி வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75-ல் நிற்கும், அது உப்பின் குணம். மானி 80 காட்டினால் அது எப்போதும் ஐந்து கூட்டிச் சொல்கிறது என்று மேலே எழுதி ஒட்டிவிடுங்கள்.

வெளிச்சத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புறஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர். மேகம் விலகிய நாளில் ஜன்னலோரம் இருக்கும் துணியும் வாட்டர்கலர் படமும் சமவெளியைவிட வேகமாக வெளுக்கும். துணிக்கும் காகிதத்துக்கும் 50 லக்ஸ் போதும், கெட்டியான திரைச்சீலை போடுங்கள்.

பொருளைச் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்பணும். எப்படிக் கட்டுவது?

நுரைத் தாள் வைத்து, ஒன்றோடொன்று முட்டாமல், பெட்டிக்குள் பெட்டியாக. வைக்கோலும் நியூஸ்பேப்பரும் வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், நான் அதிகம் பயப்படுவது மேட்டுப்பாளையத்தில் பெட்டியைத் திறப்பதற்கு. மேலே 12 டிகிரியில் இருந்த வெண்கலத்தைக் கீழே 32 டிகிரிக் காற்றில் திறந்தால் பனிபோல வியர்த்துக் கொட்டும். சேர்ந்த இடத்தில் பெட்டியை மூடியபடியே ஒரு நாள் வைத்துவிட்டுத் திறங்கள். "நல்லபடியா வந்துச்சா பாருங்க" என்று போனில் அவசரப்படுத்தாதீர்கள்.

பூச்சிக்கு நீலகிரித் தைலம் தெளிக்கலாமா? நம் ஊர்ச் சரக்குதானே?

தலைவலிக்குத் தடவுங்கள். அதில் இருக்கும் சினியோல் நல்ல கரைப்பான், வார்னிஷையும் சில பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும், துணியில் கறை விடும், அதன் வாசனை பூச்சியைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்குமே தவிர முட்டையைக் கொல்லாது. அந்துருண்டையும் வேண்டாம், மூடிய அலமாரியில் அதன் ஆவியை மூச்சுவிடுவது நாம்தான். வேப்பிலை வைத்தால் தப்பில்லை, ஆனால் காய்ந்த இலையே பூச்சிக்குத் தீனியாகாமல் பார்த்துக்கொள்ளணும்.

கம்பளி, இறகு, தோல், புத்தகத்தில் பூச்சி இருந்தால் உறையவைப்பதுதான் சுத்தமான வழி. பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம். வீட்டு ஃப்ரீசர் என்றால் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் பை அறைச்சூட்டுக்கு வரும்வரை அவிழ்க்கக் கூடாது. ஊட்டி உறைபனி போதாதா என்று கேட்காத ஆளில்லை. போதாது, பூஜ்யத்தைச் சுற்றி மெதுவாக இறங்குகிற குளிருக்குப் பூச்சிகள் தங்களைத் தயார்படுத்திக்கொள்ளும். வண்ணம் பூசிய மரம், கண்ணாடி, தந்தம் ஆகியவற்றை ஃப்ரீசரில் வைக்கவே கூடாது.

பாட்டி காலத்துத் தோடர் புத்துக்குளி (பூவேலை செய்த போர்வை) ஒன்று இருக்கிறது. துவைக்கலாமா?

முதலில் சிவப்பு நூலின் மூலையில் ஈரப்பஞ்சை ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் சாயம் வந்தால் துவைப்பதை மறந்துவிடுங்கள், வெள்ளைத் துணியில் சிவப்பு இறங்கினால் திரும்ப எடுக்க வழியே இல்லை. வராவிட்டாலும் வலைத்துணியை மேலே விரித்து, குறைந்த இழுவையில் வாக்குவம் போட்டாலே பெரும்பாலும் போதும். மடித்து வைத்தால் மடிப்பில் இழை அறும், எனவே கஞ்சி போகத் துவைத்த பழைய மல்துணியைக் குழாயில் சுற்றி, அதன் மேல் புத்துக்குளியைச் சுருட்டுங்கள். தோடர் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து பழைய துண்டுகளைத் தேடி வாங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். யார் பூவேலை செய்தது, எந்த மந்து (தோடர் குடியிருப்பு), யாருக்காக என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள், அந்த எழுத்து இல்லாத புத்துக்குளி பாதிப் புத்துக்குளிதான்.

பங்களாவில் பாடம் செய்த சிறுத்தை, கடமான் தலைகள். தூசி தட்டிச் சுவரில் மாட்டலாமா?

தொடாதீர்கள், நிஜமாகவே. அந்தக் காலத்தில் பாடம் செய்யும்போது தோலின் உட்புறம் ஆர்சனிக் கலந்த சோப்பு தடவுவது பரவலான வழக்கம். பூச்சி அரிக்காமல் இருப்பதே அதனால்தான். தட்டினால் பறக்கும் தூசியில் அது இருக்கும், குழந்தைகள் தடவிவிட்டு வாயில் கை வைப்பார்கள். முகக்கவசம், கையுறை போட்டு, பாலித்தீன் போர்த்தித் தனி அறையில் வையுங்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி உரிமைச் சான்றிதழ் வேண்டும், இல்லையென்றால் வனத்துறையிடம் பேசுங்கள். கொடைக்கானல் செண்பகனூரில் இயேசு சபையினர் 1895-ல் தொடங்கிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாடம் செய்த விலங்குகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நிறையப் பேர். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறவரை ஒரு பயமும் இல்லை.

பாறை ஓவியம் மங்கலாகத் தெரிகிறது. கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் நன்றாகத் தெரியுமே?

தெரியும், ஐந்து நிமிடத்துக்கு. காய்ந்தபின் தண்ணீரில் வந்த உப்பும் பாறைக்குள்ளிருந்து இழுபட்ட உப்பும் வெள்ளைப் படலமாகத் தங்கும், அடுத்தவர் இன்னும் அதிகம் தெளிப்பார். சாக்பீஸால் கோடிழுத்துப் படம் எடுப்பது அதைவிடக் கொடுமை. கீழ்க்கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூரில் இருக்கும் ஓவியங்களின் மேல் பெயர் கிறுக்கி வைத்திருக்கிறார்கள், வழிகாட்டுகிற இருளர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. தண்ணீருக்குப் பதில் கேமராவை நம்புங்கள். சாதாரண போட்டோவை டி-ஸ்ட்ரெச் என்ற மென்பொருளில் போட்டால் கண்ணுக்கே தெரியாத செங்காவி, வெள்ளைக் கோடுகள் எழுந்து வரும், பாறையைத் தொட வேண்டிய வேலையே இல்லை. இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியை மட்டும் எல்லோருக்கும் பகிராதீர்கள்.

கல்திட்டை (பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய பழங்கால ஈமச் சின்னம்) சாய்கிறது, வீரக்கல்லில் பாசி. சிமெண்ட் பூசி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கப்போகிறோம்.

இரண்டும் வேண்டாம். சிமெண்ட் கல்லைவிட இறுக்கம், ஈரத்தை மூச்சுவிட விடாது, அதிலிருந்து கசியும் உப்பு பக்கத்துக் கல்லைப் பொரியவைக்கும். பிளீச்சிங் பவுடரும் உப்பைத்தான் விட்டுப்போகும். கல்பாசியை வலுவில் சுரண்டினால் அது பிடித்திருக்கும் கல்துகளும் சேர்ந்து வரும், செதுக்கிய வாளும் மூக்கும் மழுங்கும். சாய்வு நிஜமாகவே கூடுகிறதா என்று மாதம் ஒருமுறை ஒரே இடத்திலிருந்து போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள், தண்ணீர் ஓடும் வாய்க்காலைக் கல்லின் அடியிலிருந்து திருப்பிவிடுங்கள். பெரும்பாலும் கல் சாய்வது அடிமண் அரிப்பதால்தான்.

பழனி மலையில் குள்ளர் வீடு என்றும் பாண்டவர் வீடு என்றும் சொல்கிற கல்திட்டைகளை ஆங்கிலேட் பாதிரியார் நடந்து நடந்து பதிவு செய்தார், தொல்லியல் துறை 1928-ல் அதை வெளியிட்டது. அதில் உள்ள வரைபடத்தோடு இன்றைய நிலையை ஒப்பிடுவதே ஒரு கல்லூரி மாணவருக்கு அருமையான ஆய்வுத் தலைப்பு.

எண்ணெய், மஞ்சள், குங்குமம் பூசி வழிபடுகிற கல் என்றால் என் கருத்து வேறு. எண்ணெயில் தூசி ஒட்டும், கருக்கும், தெரியும். ஆனாலும் கும்பிடுகிறவர்கள் இருக்கிற கல்லை யாரும் உடைத்துச் சாலைக்கு ஜல்லி போடுவதில்லை. பூசையை நிறுத்தச் சொல்லிவிட்டு வேதியியல் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கற்பூரத்தைக் கல்லின் மேலேயே ஏற்றாமல் முன்னால் தட்டில் ஏற்றச் சொன்னால் பூசாரிகள் பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள்.

பள்ளியில் ஒரு சின்ன அருங்காட்சியகம் வைத்திருக்கிறோம். செலவில்லாமல் ஒரே ஒரு வேலை செய்யணும் என்றால்?

பட்டியல். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண், ஒரு போட்டோ, எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார், எப்போது. எண்ணைப் பொருளின் மேல் நேரடியாக மார்க்கரால் எழுதாதீர்கள், செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள். மறைவான இடத்தில் அந்தப் பாரலாய்டு பிசினை ஒரு பட்டை தடவி, காய்ந்தபின் இந்தியன் இங்க்கில் எழுதி, மேலே இன்னொரு பட்டை. பட்டியலை இரண்டு படி எடுத்து ஒன்றை வேறு கட்டிடத்தில் வையுங்கள். புதிய பிளைவுட் அலமாரி வாங்கித்தர நன்கொடையாளர் வந்தால் இரும்பு அலமாரி கேளுங்கள், பிளைவுட்டின் பசை விடும் ஆவி ஈயத்தையும் சிப்பியையும் அரிக்கும்.

இதைத் தொழிலாகப் படிக்க வழி உண்டா? யாரிடம் கேட்பது?

வேதியியலோ, தொல்லியலோ, நுண்கலையோ எதுவும் அடிப்படையாக இருக்கலாம், கை நடுங்காமல் இருந்தால் சரி. மத்திய அரசின் தேசியப் பாதுகாப்பு ஆய்வகம் 1976-ல் லக்னோவில் தொடங்கியது, அதன் தென்மண்டலக் கிளை மைசூரில் இருக்கிறது, ஊட்டிக்காரர்களுக்குச் சென்னையைவிடப் பக்கம். எழும்பூர் ஆய்வகத்தையும் கேட்கலாம். ஊட்டி அரசு அருங்காட்சியகமும், பழங்குடிப் பொருள்கள் என்றால் முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையமும் முதலில் தட்ட வேண்டிய கதவுகள். கேட்கப் போகும்போது பொருளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நாலு தெளிவான போட்டோ, அளவு, எடை, எங்கே எந்த நிலையில் கிடைத்தது என்ற குறிப்பு, இவ்வளவு போதும். முக்கியமாக, ஏற்கனவே ஏதாவது தடவியிருந்தால், தேங்காய் எண்ணெயாக இருந்தாலும், வெட்கப்படாமல் அதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.